ராமாயி பெயரில் எடுத்த மூளைப் படம்

தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் றப்பர் மலைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். கொழும்பில் ஒன்று. அங்கிருந்து தலையில் தையலோடு நான் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். மண்டையைத் திறந்ததும் உள்ளேயிருந்து புகை வந்தது என்கிறாள் ஒருத்தி. மூளையில் பாதியை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் இப்போது கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறாள் என்கிறான் இன்னொருத்தன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுதத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அது முதலில் வந்தது அடுப்படியில். அடைமழைக் காலம். றப்பர் விறகு நனைந்து கிடந்தது. பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போவதற்கு முன் தேத்தண்ணி வைக்க வேண்டும். ஊதாங்குழலை எடுத்து ஊதுகிறேன், ஊதுகிறேன், புகைதான் வருகிறதே தவிர நெருப்புப் பிடிக்கவில்லை. திடீரென்று குழல் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. இருக்கிறது, ஆனால் யாருடைய கையோ போல் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. கொழகொழவென்று ஏதோ வந்தது.

"என்னா புள்ள, வாயில என்னா வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. நான் எழுந்து தேத்தண்ணி வைத்தேன், வேலைக்கும் போனேன்.

அப்படி நான்கைந்து தடவை வந்தது. ஒரு நாள் மலையேறி மூச்சு வாங்க நின்று, அந்த இளைப்போடு மரத்தில் கத்தியை வைத்தேன். பால்வெட்டு என்பது பட்டையை மட்டும் சீவுகிற வேலை. ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரத்துக்குக் காயம். அன்றைக்குக் கத்தி வழுக்கி மரக்கட்டை வரை இறங்கிவிட்டது. கங்காணி வந்து பார்த்தார்.

"பால வெட்டச் சொன்னா மரத்தையே வெட்டுற. கை நடுங்குதுன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. வலது கை போனால் எனக்கு வேலை இல்லை.

தோட்டத்து மருந்துக்காரையா பித்தம் என்றார். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் என் அடையாள அட்டையைப் பார்த்து, "இந்த வயசில வர்றதுதான், ரத்தக்குழாய் தடிச்சிருக்கும்" என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டையில் இருந்த வயது ஐம்பத்தொன்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் பெயர் சரஸ்வதி. சரசு என்றால்தான் லயத்தில் தெரியும். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. அட்டையில் இருக்கும் ராமாயி என் அக்கா. எனக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் பிறந்து, இரண்டு வயதில் வயிற்றோட்டத்தில் செத்துப்போனவள். அவள் பிறந்தபோது தோட்டத்து ஆபீசில் எழுதி அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பினார்கள், பிறப்புப் பத்திரம் வந்தது. அவள் செத்ததை யாரும் எழுதவில்லை. நான் பிறந்ததையும் எழுதவில்லை. செத்தவள் அரசாங்கத்தில் உயிரோடு இருந்தாள், நான் பிறக்கவே இல்லை.

செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பேர் பதியப் போனபோது எனக்குப் பதினேழு. அப்பா பெட்டியிலிருந்து அக்காவின் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அதன்படி எனக்கு இருபத்தொன்பது. கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்து, "வளர்த்தி பத்தல" என்று சொல்லிவிட்டுப் பதிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் இப்படி நான் மட்டுமா இருக்கிறேன்? பிறகு இந்திய வம்சாவளி என்று எங்கள் ஆட்கள் தனியாக எழுதிப்போட்டு வாங்க வேண்டிய பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, மகள் கலாவின் பிறப்புப் பத்திரம் எல்லாமே ராமாயி பெயரில் வந்தன. பதிவுப்படி என் வீட்டுக்காரரைவிட நான் எட்டு வயது மூத்தவள். லயத்துப் பெண்கள் அவரைக் கேலி செய்ய வேறெதுவும் தேட வேண்டியதில்லை.

ஆறாவது தடவை பேச்சு வர ஒரு மணி நேரம் ஆனது. டவுன் ஆஸ்பத்திரியில் பயந்துபோய்க் கொழும்புக்குக் கடிதம் கொடுத்தார்கள். யுத்தம் நடக்கிற காலம். கொழும்புக்குள் நுழையும் முன் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"ஐம்பத்தொண்ணா? அம்மாவுக்குத் தோட்டத்துக் காத்து நல்லா ஒத்துக்கிச்சு போல" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் காதருகே சொன்னார்: "இங்க யாரும் சரசுன்னு கூப்பிடக்கூடாது. நானும் கூப்பிடமாட்டேன். ரெண்டு பேரு இருக்கிற தமிழ் ஆள்னு தெரிஞ்சா, ஆஸ்பத்திரிக்குப் பதிலா வேற எடத்துக்குத்தான் போகணும்."

வார்டில் என் பக்கத்துக் கட்டில் சோமா அக்கா. ரம்புக்கனையில் ரயில்வே கேட் பார்க்கிறவரின் மனைவி, சிங்களவர். ஓயாத தலையிடி என்று சேர்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் கடைக்குப் போய்வர முடியாது, அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. அவருக்கு வரும் கொத்தமல்லித் தண்ணியில் பாதி எனக்கு. டாக்டர்களோடும் நான் பேசியது சிங்களத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு வினை தொடங்கியது, எனக்குத்தான் தெரியவில்லை. காலையில் மருந்து கொடுக்கும் மிஸ், அதாவது நர்ஸ், வாசலில் நின்று "ராமாயி!" என்பாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ராமாயி!" யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருப்பேன். மூன்றாம் முறை சோமா அக்கா என் தோளைத் தட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரில் கையெழுத்து வைக்கிறேன், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. மிஸ் கட்டிலில் தொங்கும் நோயாளி அட்டையில் எதையோ எழுதிக்கொண்டு போவாள்.

வார்டில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். சின்ன டாக்டர் என்போம். அவர்தான் எப்போது வருகிறது என்று உட்கார்ந்து கேட்டவர். அடுப்பு ஊதினால் வரும், மலையேறி இளைத்தால் வரும் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, "ஊதினாலா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்விகள்.

"உங்க பேரு?"

கொஞ்சம் நின்று, "ராமாயி" என்றேன்.

"வயசு?"

"முப்பத்தொம்பது" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல, அம்பத்தொண்ணு" என்றேன்.

"பிறந்த தேதி?" அக்கா பிறந்த தேதி எனக்கு எங்கே ஞாபகம்? அடையாள அட்டையில் இருக்கிறது என்றேன். கல்யாணம் ஆகும்போது என்ன வயது, பிள்ளை பிறக்கும்போது என்ன வயது என்று அவர் கேட்கக் கேட்க, நான் பன்னிரண்டைக் கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறினேன். எல்லாவற்றுக்கும் தவறு என்று குறித்துக்கொண்டார்.

பிறகுதான் மூளைக்குள் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் ஸ்கேன். சாதாரண ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். இது ஓட்டத்தைக் காட்டும். கையில் ஊசி வழியாகக் கொஞ்சம் கதிர்மருந்து ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தோடு தலைக்குப் போய், எங்கே ரத்தம் நிறையப் போகிறதோ அங்கே நிறையத் தங்கும், குறைவாகப் போகும் இடத்தில் குறைவாகத் தங்கும். ஒரு பெரிய கமரா தலையைச் சுற்றி வந்து அதைப் படம் பிடிக்கும். அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து பிளேனில் வர வேண்டும். இரண்டு கிழமையாக வரவில்லை. தினமும் கதிரையில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு வார்டுக்குத் திரும்பினேன்.

வந்த நாளில் இருட்டு அறை ஒன்றில் படுக்கவைத்தார்கள். கண்ணை மூடு, பேசாதே, எதையும் யோசிக்காதே என்றார்கள். பேசினால் பேச்சுக்குரிய இடத்துக்கு ரத்தம் கூட ஓடுமாம், படத்தில் அது தெரியுமாம். யோசிக்காதே என்றால் யோசிக்காமல் இருக்க முடியுமா? சரசு என்று மனதுக்குள் சொன்னால்கூடப் படத்தில் விழுந்துவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை. இந்த முறை முதலில் ரத்தக்குழாய்களை விரிக்கும் ஊசி ஒன்று போட்டார்கள். உதடும் விரல்நுனியும் மரத்து எறும்பு ஊர்ந்தது. நான்கு தடவை கக்கூசுக்கு ஓடினேன். ஏன் இரண்டு தடவை என்று சின்ன டாக்டரைக் கேட்டேன்.

"இப்ப எவ்வளவு ரத்தம் போகுதுன்னு பாத்தா மட்டும் பத்தாது. கூடக் கேட்டா குடுக்க முடியுமான்னும் பாக்கணும்."

எனக்குப் புரிந்தது. லயத்துப் பீலியை, தண்ணிக் குழாயை, ஏற்கெனவே முழுசாகத் திறந்துவிட்டிருந்தால், விருந்தாளி வந்த நாளில் கூடத் திறக்க ஒன்றுமில்லை. என் மூளையின் இடது பக்கம் அப்படித்தான் இருந்தது. படத்தில் வலது பக்கம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது, ஊசிக்குப் பிறகு இன்னும் சிவந்தது. இடது பக்கம் முதலில் பச்சை, ஊசிக்குப் பிறகு நீலம், அதாவது ரத்தம் இன்னும் குறைவு. வலது கையும் பேச்சும் அந்த இடது பக்கத்தின் பொறுப்பு.

மறுநாள் பெரிய டாக்டர் வந்து, படத்தையும் கட்டில் அட்டையையும் பார்த்து, இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சின்ன டாக்டர் பின்தங்கி நின்றார்.

"ஒப்பரேஷன் வேணாம்னு சொல்றார். மாத்திரையோட வீட்டுக்குப் போகலாம்."

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவர் போகவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சந்தோஷப்படாதீங்க. ஒப்பரேஷன் பிரயோசனமில்லைன்னு நினைக்கிறார். உங்க வயசுக்குக் குழாய் முழுக்கத் தடிச்சிருக்கும், மூளை பரவலாப் பழுதாகியிருக்கும், அதனாலதான் பேர் கூப்பிட்டா தெரியல, வயசு கேட்டா தெரியலன்னு அவர் முடிவு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. படத்துல மூளை சாகல. ஒரு பக்கம் பட்டினி கிடக்கு, அவ்வளவுதான். படம் ஒண்ணு சொல்லுது, நீங்க வேற ஒண்ணு சொல்றீங்க."

"இப்படியே விட்டா என்ன ஆகும் டாக்டர்?"

"ஒரு நாள் வந்தது போகாது. கையும் பேச்சும் அப்படியே நின்னுடும்."

அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சொந்தக்காரரோடு தங்கியிருந்தார். இடியப்பமும் பருப்பும் கொண்டுவந்திருந்தார். என் கை பலமில்லாமல் போனதிலிருந்து தலைசீவி விடுவதும் அவர்தான். அவர் போடும் பின்னல் காதுக்கு மேலே தொடங்கி எங்கேயோ போய் முடியும். வார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவர் அசரமாட்டார். அன்றைக்கும் சீவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். உண்மை வயதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். சீப்பு நின்றது.

"ஒனக்கு என்ன பைத்தியமா? அடுத்தவ பேர்ல இருக்கேன்னு அரசாங்க ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லுவியா? கலாவோட பத்திரத்துல அம்மா பேரு யாரு? ராமாயி. அது பொய்யின்னா அந்தப் புள்ள யாரு? எந்த நாட்டுக்காரி? அடுத்த வருஷம் பரீட்சை எழுதப் போறா."

"நான் ஊமையா வந்து வீட்ல கெடந்தா சரியா?"

"நான் பாத்துக்குறேன்."

"என்னாத்த பாத்துக்குவீங்க? ஒரு பின்னல் ஒழுங்காப் போடத் தெரியல."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். விம்மி விம்மி அழுதேன். அழும்போதே வலது கை மடியில் செத்து விழுந்தது. வாய் கோணியது. அழுகைகூடப் பாதியில் நின்று வேறு சத்தமாக மாறியது. அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ராமாயி, ராமாயி" என்றார். அப்போதும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. மணி அடித்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னபோது எனக்குப் பேச்சு வந்திருந்தது. அவர் சீப்பை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் சின்ன டாக்டரிடம் சொன்னேன். அவர் திரையை இழுத்து மூடினார். அக்கா, பத்திரம், செக்ரோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பழைய கேள்வித்தாளை எடுத்து முதலிலிருந்து கேட்டார். பெயர், வயது, கல்யாணம், கலா பிறந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடைசி வரை கழித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நீங்க தப்பாச் சொன்னதுதான் சரி, சரியாச் சொன்னதுதான் தப்பு."

"டாக்டர், இத எழுதிடாதீங்க."

"வயசை மட்டும் பெரிய டாக்டர்கிட்ட வாயால சொல்றேன். அட்டையில ராமாயிதான் இருப்பா. பயப்படாதீங்க."

பெரிய டாக்டர் மத்தியானமே திரும்பி வந்தார். "முப்பத்தொன்பது" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே அதே படத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஊதினால் வருகிறது, அழுதால் வருகிறது, வயது குறைவு, ஒரே பக்கம். தொடையிலிருந்து குழாய் விட்டுத் தலைக்குச் சாயம் அனுப்பி இன்னொரு படம் எடுத்தார்கள். வியாதிக்கு ஜப்பான்காரர்கள் மோயாமோயா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். மூளைக்குப் போகும் பெரிய குழாய் மெல்ல மெல்ல அடைத்துப்போக, உடம்பு தானே நூல் நூலாகச் சின்னக் குழாய்களை முளைக்கவைத்து ஒப்பேற்றும். படத்தில் அது ஊதிவிட்ட புகை மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். இதைத்தான் வீட்டுக்காரர் லயத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார், மண்டைக்குள் புகை என்று. வேகமாக மூச்சு விட்டால் குழாய்கள் சுருங்குமாம். ஏற்கெனவே பட்டினி கிடக்கும் இடத்துக்கு அதுவும் நின்றுவிடும். இருபது வருஷமாக அடுப்பு ஊதியவளுக்கு இது முன்பே வராததுதான் அதிசயம்.

காதுக்கு முன்னால் தொட்டால் துடிக்கும் ஒரு ரத்தக்குழாய் இருக்கிறது. தோலுக்கு மட்டும் ரத்தம் கொடுப்பது. அதை எடுத்து, மண்டையில் ஓட்டை போட்டு, மூளையின் மேலிருக்கும் குழாயோடு தைப்பதுதான் ஒப்பரேஷன். தைக்கும்போதே ரத்தம் நின்று கை, பேச்சு இரண்டும் போகவும் கூடும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ராமாயி என்று போட்டேன். சோமா அக்கா, பிக்கு ஓதிக் கொடுத்த பிரித்நூலை என் கையில் கட்டிவிட்டார். வீட்டுக்காரர், நான் டாக்டரிடம் சொன்னதைக் கேட்டபோது திட்டவில்லை. "சரி" என்றார். அதற்குப் பிறகு வாசலில் பொலிஸ் உடுப்பு எதைக் கண்டாலும் எழுந்து நின்றார்.

ஒப்பரேஷன் முடிந்ததிலிருந்து கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாது. அதை மற்றவர்கள் சொல்லித்தான் எழுதுகிறேன். சின்ன டாக்டர் அடுத்த ஒப்பரேஷனுக்குள் போய்விட்டார். தீவிர சிகிச்சை அறையிலிருந்த மிஸ்மாருக்கு என்னைத் தெரியாது. மயக்க மருந்தை நிறுத்தி ஒரு மணி நேரமாகியும் நான் கண் திறக்கவில்லை. "ராமாயி! ராமாயி! கண்ணத் தொறங்க!" ஒருத்தி கன்னத்தில் தட்டினாள். இன்னொருத்தி நகத்தை அழுத்தினாள். கை லேசாக இழுத்துக்கொண்டதே தவிரப் பெயருக்குப் பதில் இல்லை. மூளையில் அடைப்பு விழுந்திருக்கலாம், ஸ்கேன் அறைக்குச் சொல்லுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று ஓட்டமும் நடையுமாக இருந்திருக்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகக் கட்டிலின் பக்கக் கம்பியைக்கூட ஏற்றிவிட்டார்களாம்.

வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடியால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காயம்பட்ட ஒரு ராணுவ அதிகாரிக்குக் காவலாக வந்த இரண்டு சிப்பாய்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன நினைத்தாரோ, கதவைத் தள்ளிக்கொண்டு செருப்போடு உள்ளே வந்துவிட்டார். மிஸ் தடுத்தாள். அவளைத் தாண்டி என் கால்மாட்டில் நின்று, மலையில் மேல்நிரையில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கும்படி கத்துகிற குரலில் கத்தினார்:

"சரசு! ஏ சரசு! எந்திரிடி சரசு!"

இதிலிருந்து எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தேன். விளக்கு கூசியது. அவர் முகம் மங்கலாக, பின்னால் வெள்ளை உடுப்புகள், கதவோரம் எழுந்து நின்று பார்க்கும் சிப்பாய்கள். மிஸ் அவரிடம் கேட்டாள், "சரசுவா? யார் அது?"

அவர் அழுதுகொண்டே என்னைக் காட்டி, "இவதான்" என்றார்.

எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. வலது கையை மெல்லத் தூக்கி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மெதுவாப் பேசுங்க," என்றேன். "யாருக்காவது கேட்டுறப்போகுது."